காலர் மிஷின்காரி

சட்டைக் கம்பெனியில் எல்லோரும் அவளைப் 'பூச்சி' என்றுதான் கூப்பிட்டார்கள். வாயில்லாப் பூச்சி என்று கல்யாணமான புதிதில் நாத்தனார் வைத்த பெயர், எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு வேலை இடத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. பேச வேண்டியதை எல்லாம் அவள் பாத்திரம் கழுவும்போது குழாயிடம் பேசுவாள். ஆள் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

அந்தக் கம்பெனியில் கழிப்பறைக்குப் போக டோக்கன் வேண்டும். லைனுக்கு ஒரே ஒரு பிளாஸ்டிக் வில்லை, சூப்பர்வைசர் மேஜைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். மனுஷருக்கு மூத்திரம் வந்தால் அனுமதி கொடுக்க ஓர் ஆள், அந்த ஆளுக்குச் சம்பளம், தலைக்கு மேலே தனி ஃபேன் வேறு! இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த புண்ணியவானை ஒரு நாள், ஒரே ஒரு நாள், தையல் மிஷின் ஸ்டூலில் உட்காரவைத்து அடக்கிக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டும்.

எதிர் மிஷினில் பட்டன் துளைக்குக் காஜா அடிக்கும் பெண் மாசமாக இருந்தாள். ஒரு மத்தியானம் எழுந்து போய் டோக்கன் கேட்டாள்.

"இப்பத்தானே போயிட்டு வந்தே? டார்கெட்ட முடிச்சிட்டுப் போ," என்றார் சூப்பர்வைசர், தலையைக்கூடத் தூக்காமல்.

அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஸ்டூல் நனைந்தது. வெட்டுத்துணியை எடுத்து, அந்த வயிற்றோடு குனிந்து, தானே தரையைத் துடைத்தாள். லைனில் ஒருத்திகூட நிமிரவில்லை. எல்லோரும் ஊசியையே பார்த்தார்கள். பூச்சியும் ஊசியைத்தான் பார்த்தாள்.

"எதிர்லதான் இருந்தேன். வாயத் தொறக்கலையே," என்று சாயங்காலம் கணவனிடம் பொருமினாள்.

"உனக்கு எதுக்கு வம்பு? வேலை போச்சுன்னா வாடகைய யாரு குடுப்பா? நாம உண்டு நம்ம வேலை உண்டுன்னு இரு."

"அப்படித்தானே இருந்தேன்! அதான் என் மூஞ்சியப் பாக்க எனக்கே புடிக்கல."

கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். சூப்பர்வைசர் மேல் கொஞ்சம் கோபம், மிச்சமெல்லாம் தன் மேல்தான். கேட்க வேண்டியதை மறுநாள் பஸ்ஸில் வழியெல்லாம் மனப்பாடம் செய்தாள்.

அன்றைக்கும் அந்தப் பெண் போய்க் கேட்டாள். "அப்புறம் பாக்கலாம்," என்றார் அவர். பூச்சி மிஷினை அணைத்துவிட்டு எழுந்தாள். மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தை வாயில் இல்லை. வெறுமனே நின்றாள்.

ஆனால் அவள் தைப்பது காலர். காலர் ஏறாத சட்டை அடுத்த மிஷினுக்கு நகராது. அவளுக்கு அடுத்து இருந்த மிஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

"உனக்கு என்னம்மா கேடு? உக்காரு! சீட்டக் கிழிச்சிருவேன்!"

வாடகை ஞாபகம் வந்தது, வீட்டு ஓனரின் முகம் ஞாபகம் வந்தது. இருந்தும் உட்காரவில்லை. கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்து, "லைன் ஏன் நிக்குது?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வார் சூப்பர்வைசர்? பிள்ளைத்தாய்ச்சியின் மூத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்றா? டோக்கனைக் கழற்றி அந்தப் பெண்ணிடம் விட்டெறிந்தார். அவள் போய்விட்டுத் திரும்பி வரும்வரை பூச்சி நின்றாள். வந்ததும் உட்கார்ந்து, தேங்கிய காலரை எல்லாம் மளமளவென்று தைத்துத் தள்ளினாள்.

உனக்கு இனி ஓவர்டைம் கிடையாது என்றார் சூப்பர்வைசர். சொன்னபடியே தரவும் இல்லை. கணவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் பயம் விடவில்லை.

அடுத்த வாரம் லைனின் கோடியில் பட்டன் வைக்கும் அக்கா எழுந்து, ஆணியைப் பார்த்துத் தயங்கி நின்றாள். சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் காலர் மிஷின் நின்றுவிட்டது.

"இப்ப நீ எதுக்கும்மா எந்திரிக்கிறே?" என்று அலறினார் அவர்.

நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. இருந்தும் பூச்சி சொன்னாள்:

"அவங்க போயிட்டு வந்ததும் உக்காந்துடறேன் சார்."