சாயம் போதாத தேயிலை

மாச்சா என்னும் ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூளை வாங்குவதற்கு நடைமுறை எதுவும் வகுக்கப்படவில்லை என்று தெரிந்ததும் நானே ஒன்றை வகுத்துக்கொண்டேன். முப்பது வருடம் அரச களஞ்சியத்தில் கொள்முதல் பார்த்தவளுக்கு இது பெரிய வேலையில்லை. டப்பா சிறியதாக இருக்க வேண்டும். திறந்தால் சீக்கிரம் முடிக்க வேண்டிய சாமான் அது. அரைத்த மாதம் போட்டிருக்க வேண்டும். ‘உயர்தரம்’ என்று எழுதியிருப்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. அதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு சிட்டிகையை வெள்ளைத் தாளில் வைத்து விரலால் இழுத்தால் இளம்புல் நிறத்தில் நீளமாகக் கோடு விழ வேண்டும். மஞ்சளாகத் தெரிந்தாலோ, நறநறத்தாலோ, வைக்கோல் வாசம் அடித்தாலோ வேண்டாம். நுவரெலியாக் கடையில் இரண்டு டப்பாக்களைத் திறக்க வைத்துவிட்டு மூன்றாவதை வாங்கினேன். கடைக்காரப் பெண் மிகுந்த நிம்மதியோடு என்னை வழியனுப்பினாள்.

கல்யாணமாகி மூன்று வாரமேயான மருமகள் டப்பாவை ஆசையாக வாங்கிப்போனாள். தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றி, பால்மாவும் சீனியும் போட்டு, கட்டி கட்டியாக மிதக்கும் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“எப்படி இருக்குன்னு சொல்லுங்க மாமி.”

எனக்கு நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமும் அங்கே நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடும் நினைவுக்கு வந்தன.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கையைப் பெண் பார்க்கப் பொகவந்தலாவையிலிருந்து வருவதாகத் தகவல். அத்தைக்கு ஏற்கெனவே இரண்டு இடங்கள் வந்து தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அடுத்தது வராது என்று பெரியவர்கள் அவள் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா தொழிற்சாலையில் ஆயுள் முழுக்கத் தேயிலை சலித்தவர், வாயில் வைத்தாலே எந்த மலைக் கொழுந்து என்று சொல்லிவிடுவார் என்ற செய்தியும் கூடவே வந்தது. வீட்டில் இருந்ததோ தோட்டத்தில் மாதாமாதம் கொடுக்கும் தூள். நல்ல கொழுந்து எங்கள் கையால் கூடைக்குப் போய், கூடையிலிருந்து கப்பலுக்குப் போனது. சலித்து மிஞ்சிய தூள் எங்களிடம் திரும்பி வந்தது.

நல்ல தேயிலை வாங்கும் பொறுப்பைச் சித்தப்பா ஏற்றார். அவர் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு தள்ளுபவர். அந்தத் தகுதியில் தேயிலை நிபுணர். என்னையும் கூட்டிக்கொண்டு போய், நோர்வூட் கடையில் ஒவ்வொரு பெட்டியிலும் கைவிட்டு, உள்ளங்கையில் தேய்த்து, ஊதி ஊதி மோந்து பார்த்தார்.

“தோட்டத்துல இருந்துக்கிட்டு என்கிட்ட தேயில வாங்க வந்திருக்கீங்களே,” என்றார் நாங்கள் நானா என்று அழைக்கும் முஸ்லிம் கடைக்காரர். “நான் மீன வாங்க கடலுக்குப் போனா, கடல் என்கிட்ட மீன் கேக்குமா?”

“பேச்ச விடுங்க நானா. நல்லது எது?”

“நீங்க மோந்து முடிச்சதும் சொல்றேன்.”

கடைசியில் நானா தானே ஒன்றை எடுத்துக் கட்டினார். நுவரெலியா மலைத் தேயிலை. கொதிக்க வைக்கக் கூடாது, தண்ணீரை ஊற்றி மூடி வைத்தால் போதும் என்று என்னிடம்தான் சொன்னார். சித்தப்பாவிடம் சொல்லிப் பயனில்லை என்று நினைத்திருக்கலாம்.

பெண் பார்க்க வந்தவர்கள் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொன்னபடியே அத்தை ஊற்றி மூடி வைத்தாள். திறந்தபோது இளம் பொன்னிறம். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

“என்னடி இது, சாயமே இறங்கல? வெறும் வெந்நியக் குடுத்தா கஞ்சப் பயலுக வீடுன்னு எந்திரிச்சுப் போயிருவாங்க.”

எங்கள் பக்கத்தில் உபசரிப்பை அளப்பது சாயத்தை வைத்துத்தான். அம்மா தோட்டத்துத் தூளில் இரண்டு கரண்டி அள்ளிப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்க வைத்தாள். தேத்தண்ணி கறுத்தது. எங்களுக்கு மனம் நிறைந்தது.

அத்தை கொண்டுபோய்க் கொடுத்தாள். மாப்பிள்ளையின் அப்பாவான பெரியவர் ஒரு வாய் குடித்து, விழுங்காமல் சற்று நேரம் வைத்திருந்தார். டம்ளருக்குள் பார்த்தார். பிறகு கதவோரம் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார்.

“நுவரெலியா தேயிலைங்க,” என்றார் சித்தப்பா. “நான்தான் பாத்து எடுத்தேன்.”

“தெரியுதுங்க. வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சு,” என்றார் பெரியவர். அத்தையிடம் டம்ளரை நீட்டினார். “இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?”

தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

அவர்கள் பஸ்ஸுக்குப் போனதும் அடுப்படிக்கு ஓடினேன். “அத்தே, அவருக்கு ஒண்ணுமே தெரியல. தூளப் போட்டு ஏமாத்திட்டோம்,” என்றேன்.

அத்தை கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். “ஆமா. அவருக்கு ஒண்ணுமே தெரியல,” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தேன். ஆயுள் முழுக்க அந்தத் தூளைச் சலித்து மூட்டை கட்டியவருக்கு அதன் ருசி தெரியாமலா போகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

மருமகள் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாய் குடித்தேன். கொதிநீர் கூடாது, கட்டி கூடாது என்று டப்பாவில் எழுதியிருந்த எல்லா விதிகளும் அதில் மீறப்பட்டிருந்தன. மிச்சத்தையும் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினேன்.

“இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?”