ஹப் சார்

வெள்ளைப் பலகையின் நடுவில் பச்சை மையால் ஒரு வட்டம் போட்டு, அதிலிருந்து எட்டுக் கோடுகளை இழுத்துக்கொண்டிருந்தார் ஹப் சார். கோடுகளின் முனையில் கிடங்கு, கப்பல், பில் என்று பிரிவுகள். வட்டத்துக்குள் பெயர் எழுதவில்லை. தன்னடக்கமாம். அந்த அலுவலகத்தில் பச்சை மை அவர் ஒருவருக்குத்தான்.

சரக்கு அனுப்பும் கம்பெனியில் அவர் சீனியர் கிளார்க். வெளிநாட்டுத் தலைமை அலுவலகம் ஒருமுறை மெயிலில் அவரை 'ஃபோக்கல் பாயிண்ட்', 'ஹப்' என்றெல்லாம் எழுதிவிட்டது. லீவு படிவங்களை வாங்கி அனுப்பு என்பதை இங்கிலீஷ்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். விமானம் மாறுகிற ஊரும் அவர்களுக்கு ஹப், காபி மெஷின் இருக்கிற மூலையும் ஹப். சாருக்கு மட்டும் அது பட்டாபிஷேகம். மெயிலை அச்செடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார்.

"வெள்ளைக்காரன் ஒரு வார்த்தையச் சும்மா விடமாட்டான். ஹப்புன்னா சக்கரத்தோட குடம். அது கழண்டா வண்டி குடை சாஞ்சிரும், தெரியுமில்ல?" என்பார் பார்க்கிறவர்களிடமெல்லாம்.

வீட்டில் மனைவிக்குத் துடைப்பம் கையில் இருக்கும்போதுதான் பேச்சு வரும். "அந்த சென்டர் பாயிண்ட்டக் கொஞ்சம் எந்திரிக்கச் சொல்லுங்க, கூட்டணும்."

புது மேனேஜர் வந்தார். இடங்களை மாற்றப்போகிறாராம். நடு மேஜை ஒருவருக்கு, கிடங்கு வாசல் மேஜை இன்னொருவருக்கு. ஆளுக்கொரு சீட்டு கொடுத்தார். வேலை சிக்கினால் யாரிடம் போவீர்கள்? தன் பெயரைத் தானே எழுதக்கூடாது. அதிகம் பேர் எழுதுகிறவருக்கு நடு மேஜை.

சாருக்கு வாயெல்லாம் பல். ஆனால் தன் சீட்டில் யாரை எழுதுவது? வாசலோரம் டெலிபோன் எடுக்கும் அக்காவின் ஞாபகம் வந்தது. நேற்று சார் மறந்த பாஸ்வேர்டைச் சொன்னது அவர்தான். ஒரு சீட்டில் என்ன குடியா முழுகிவிடும் என்று உள்ளதை எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தார்.

மேனேஜர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். "டெலிபோன் அக்கா... டெலிபோன் அக்கா... இதுலயும் அக்காதான்." பத்துச் சீட்டு முடிந்தது. சார் பெயர் ஒன்றிலும் இல்லை. அக்காவோ தன் சீட்டை எழுதக்கூட நேரமில்லாமல், தலை நிமிராமல், "கொஞ்சம் லைன்ல இருங்க சார்" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசிச் சீட்டைப் பிரித்த மேனேஜர் சிரித்துவிட்டார். "இதுவும் அக்காதான். பச்சை மையில எழுதினது யாருங்க?"

எல்லோரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஹப் சார் சட்டைப் பையிலிருந்த பேனாவை உருவி, பேண்ட் பைக்குள் மெல்ல நழுவவிட்டார்.