காலுக்கு உண்டு, வாய்க்குக் கிடையாது

மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, அதைத் திருப்பிப் போட்டு, அடியில் நசுங்கிக் கிடந்த பக்கத்தையும் பார்த்துவிட்டுச் சிங்கராயர் சிரிப்பார். பர்மாவில், இந்த க்யிம்யிண்டைங் சந்தையில் நல்ல பக்கம் மேலே தெரியும்படி மீனை அடுக்கி வைப்பது வழக்கம்தான். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "இது கால் வேலை. ஒத்துக்குறேன்" என்று தமிழில் சொல்லிக்கொள்வார். ஆனால் மீன்காரம்மா பர்மிய மொழியில், விடியற்காலையில் பிடித்தது என்று ஆரம்பித்ததும் அவர் முகம் சுருங்கிவிடும். "இது வாய்!" மீனை வைத்துவிட்டு விறுவிறுவென்று அடுத்த கடைக்கு நடப்பார். பின்னால் வரும் மனைவி பெர்சிஸ் அதே மீனை அதே அம்மாவிடம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள்.

காலும் வாயும் என்னவென்று தெரியாதவர்கள் அவரோடு ஒரு கால்பந்து ஆட்டம் பார்க்க வேண்டும். அல்லது அவர் ஊதுகிற ஆட்டமாகப் பார்க்க வேண்டும். சிங்கராயர் நடுவர். கல்லூரிப் பையன்களின் ஆட்டங்களுக்கு எத்தனையோ வருடமாக விசில் ஊதுகிறார். பர்மியர்கள் மரியாதைக்கு ஓர் 'ஊ' சேர்த்து அவரை 'ஊ சிங்' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மைதானம் இருப்பதால் சனிக்கிழமை மாலைப் பூசையிலேயே ஆண்டவர் கணக்கை முடித்துவிடுவார். பூசையிலும் அவர் கண் கடிகாரத்தின் மேல்தான் இருக்கும். சாமியாரின் பிரசங்கம் நீண்டால் கை தானாகச் சட்டைப் பைக்குள் விசிலைத் தேடுகிறது என்பது பெர்சிஸின் குற்றச்சாட்டு.

மற்ற நாட்களில் லத்தா கடைத்தெருவில் அஸ்கரின் விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. பனியன்களில் எண்ணும் பெயரும் சூடு வைத்து ஒட்டுவார். கரண்ட் இருக்கும்போது இயந்திரம் ஓடும். போய்விட்டால் வாய் ஓடும். பந்தை அடிப்பதில் இரண்டு பேர் சண்டை போடுவதுபோல் நடித்து மூன்றாமவன் அடித்தால் தப்பா? பூட்ஸ் கயிறு கட்டுவதுபோல் குனிந்திருந்தவன் திடீரென்று ஓடினால் தப்பா? தப்பே இல்லை என்பார் சிங்கராயர். அஸ்கருக்குப் பொறுக்காது. "ஏமாத்துறதுல கால் என்ன வாய் என்னய்யா? எல்லாத்துக்கும் கார்டு காட்டும்!" என்பார்.

"அட, காலு ஏமாத்துனா அது ஆட்டம். கண்ணு உள்ளவன் பாத்து தடுக்கட்டும். வாயால கத்தி ஏமாத்துனா எப்புடித் தடுப்பான்? காதைப் பொத்திக்கிட்டா ஓடுவான்?"

"அப்ப நம்ம கடையில 'ஒரிஜினல்'னு எழுதி ஒட்டிருக்கே?"

"அது எழுத்து. எழுத்தைப் பத்தி நான் இன்னும் யோசிக்கல."

இப்படிப்பட்ட ஆளுக்கு இதுவரை ஓர் இறுதி ஆட்டம் கொடுத்ததில்லை. தமிழ்ப் பையன்கள் ஆடினால் ஒரு பக்கம் சாய்வார் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சுதான் காரணம். போன மாதம் ஒருவழியாகக் கொடுத்தார்கள். ஆடப்போகிற அணி ஒன்றில் பெர்சிஸின் அண்ணன் மகன் ஆல்பின் இருந்தான். சிங்கராயர் மனம் கேட்காமல் போட்டி நடத்துகிறவர்களிடம் போய், "அந்தப் பையன் எனக்கு மருமகன் முறை" என்று உண்மையைச் சொன்னார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்க ஆளுங்க எல்லாருமே உங்களுக்கு மருமகன்தானே, ஊ சிங்!"

ஆல்பினின் அப்பா அருள்ஜோதி க்யிம்யிண்டைங் படகுத்துறையில் சரக்கு இறக்கும் மேஸ்திரி. மகன் பந்து விளையாடுவது அவருக்கு அரை மனம். "ஆட்டத்துல பொய் புரட்டு பண்ணான்னு ஒரு சொல்லு என் காதுக்கு வந்துச்சு, பூட்ஸ் ரெண்டும் ஆத்துல" என்று சொல்லித்தான் விட்டிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர். ஆறும் காலடியிலேயே ஓடுகிறது. மூத்தவனுடைய கிதார் ஏற்கெனவே அந்த வழியாகப் போயிருக்கிறது.

ஆட்டம் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடியப்போகிற நேரத்தில் ஆல்பினின் அணியிலிருந்து ஒரு நீளப் பந்து வந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரன் அதை வெளியே தட்டிவிடக் காலைத் தூக்கினான். அவன் முதுகுக்குப் பின்னால் "தா!" என்று ஒரு குரல். தூக்கிய கால் அப்படியே நின்றது. பந்து அவனைத் தாண்டி ஆல்பினிடம் போனது. ஆல்பின் ஒரே உதை, கோல்.

பர்மிய மொழியில் 'தா' என்றால் விட்டுவிடு, இருக்கட்டும் என்று அர்த்தம். தன் கோல்கீப்பர்தான் கத்தினான் என்று தடுப்பாட்டக்காரன் நினைத்துவிட்டான். கோல்கீப்பர் தான் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்களே தவிர, நடுவரிடம் ஒருவரும் முறையிடவில்லை. பேசாமல் இருந்திருந்தால் கோல் நின்றிருக்கும். சிங்கராயர் விசில் ஊதி ஆல்பினைக் கூப்பிட்டார்.

"மாமா, நான் தமிழ்லதான் சொன்னேன். தா-ன்னா குடுன்னுதானே அர்த்தம்? பந்து கேட்டேன்."

சிங்கராயருக்குப் புல்லரித்தது. வீட்டில் தமிழில் எதைக் கேட்டாலும் பர்மிய மொழியில் பதில் சொல்கிற பையன். ஞானோபதேச வகுப்பில் 'தா' என்பதற்கும் 'தாருங்கள்' என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்தவன். இன்றைக்குப் புலவர் ஆகிவிட்டான்.

"சந்தோசம்டா. யாருகிட்ட கேட்ட?"

"டீம்ல..."

"உங்க டீம்ல தமிழ் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். இந்தக் கோட்டுக்குள்ள இன்னொருத்தன் நான். என்கிட்டயா பந்து கேட்ட?"

ஆல்பின் தரையைப் பார்த்தான். சிங்கராயர் கோல் செல்லாது என்று மஞ்சள் அட்டையைக் காட்டினார். பிறகு ஒரு கையை நேராக மேலே தூக்கினார். பந்தை எதிரணி அடிக்கலாம், ஆனால் நேராகக் கோலுக்கு அடிக்கக் கூடாது என்பதற்கு அடையாளம் அது. ஆஃப்சைடு என்றாலும் நடுவர் இதே கையைத்தான் தூக்குவார். அதனால் கூட்டம் ஆஃப்சைடு என்றே முடிவுகட்டியது. அட்டை, எதிர்த்து வாய் பேசியதற்காம். வாய்க்காகத்தான் அட்டை என்ற வரையில் கூட்டத்தின் கணிப்பு சரிதான்.

பெனால்டியில் ஆல்பினின் அணி தோற்றது. ஆல்பின் தன் முறை வந்தபோது இடுப்பை ஓர் அசைப்பு அசைத்துக் கோல்கீப்பரை ஒரு பக்கம் விழவைத்துவிட்டுப் பந்தை மறு பக்கம் உருட்டினான். நடுவர் முகத்தில் பல் தெரிந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

ஜெயித்து வருவான் என்று பெர்சிஸ் காலையிலேயே ஒரு சட்டி டான்பவுக் பிரியாணி ஆக்கி வைத்திருந்தாள். தோற்றவனுக்கும் பசிக்குமே என்று அண்ணன் வீட்டையே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். நடந்ததை அடுப்படியில் கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணன் கேட்டா ஆஃப்சைடுன்னு சொல்லிடுங்க."

"ஆஃப்சைடு இல்லையே. எப்புடி வாய் கூசாம சொல்றது?"

"உங்க வாயி சுத்தமா இருக்கட்டும், புள்ள பூட்ஸு ஆத்துல போகட்டும். அப்புடித்தானே?"

பையனைச் சிங்கராயருக்குப் பிடிக்கும். அந்த இடுப்பசைப்பை அவ்வளவு பிடிக்கும். கார்டு காட்டியதோடு கணக்குத் தீர்ந்தது, இதற்கு மேல் ஆறு எதற்கு என்றுதான் அவருக்கும் இருந்தது. ஆனால் பொய் சொல்ல வாய் வரவேண்டுமே.

அருள்ஜோதி துறையிலிருந்து நேராக வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். எதிரே ஆல்பின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு கவளமும் உள்ளே போகவில்லை.

"மச்சான், கோலை நீங்களே இல்லன்னுட்டீங்களாமே? இவன் ஏதாச்சும் கோல்மால் பண்ணானா?"

சிங்கராயர் அப்போதுதான் ஒரு பெரிய கவளத்தை வாய்க்குள் தள்ளியிருந்தார். மைத்துனரைப் பார்த்தார். ஆல்பினைப் பார்த்தார். கன்னம் இரண்டும் உப்பியிருக்க, இடது கையை மெல்ல நேராக மேலே தூக்கினார்.

"ஆஃப்சைடா! அதானே பாத்தேன்" என்று அருள்ஜோதி மகன் பக்கம் திரும்பினார். "லைனைப் பாத்து ஓட மாட்டியா? கண்ணு எங்கடா இருந்துச்சு?"

ஆல்பின் முதல் கவளத்தை எடுத்தான். பெர்சிஸ் அவசரமாக எழுந்து, கணவர் கேட்காமலே தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள். சிங்கராயர் அதையும் அள்ளி வாயில் அடைத்துக்கொண்டார். இடது கை இன்னும் மேலேயே இருந்தது.