பரணிலிருந்து கேட்ட கதை

போளூர் பழைய புத்தகக் கடையில் வாங்கிய சரித்திர நாவலைப் பிரித்ததும், அந்தத் தாள் வாசனையில், ஜவ்வாது மலையில் எங்கள் சாமைக் கொல்லை நடுவே நின்ற பரண் நினைவுக்கு வந்தது. காலாண்டு லீவில் நாளெல்லாம் அதன்மேல் தனியாக உட்கார்ந்து குருவி விரட்டுவேன். எப்படியும் கத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், கையிலிருக்கும் ராஜா ராணிக் கதையையே உரக்கப் படிப்பேன். ஒருநாள், முற்றுகையிட்ட கோட்டையில் ராணி தனியாக நிற்கும் இடத்தில், மேலே படிக்காமல் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். குருவிகள் இறங்கின.

பக்கத்துக் கொல்லையில் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்த, எழுத்தே தெரியாத அப்பா நிமிர்ந்தார்.

"இன்னாம்மா நிறுத்திட்ட? அந்த ராணி இன்னா ஆனா?"

அவர் கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது பரணும் இல்லை, அப்பாவும் இல்லை. நேற்று வீட்டில் ஒருத்தியாக உரக்கப் படித்து, பாதியில் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.