அவள் முதுகுக்குப் பின்னால்

கரியாலூரில் நான் கால்நடை உதவியாளராக வேலை பார்த்தேன். டாக்டர் இல்லை, ஆனாலும் மலையில் எல்லோருக்கும் நான் மாட்டு டாக்டர்தான். கன்று குறுக்கே திரும்பிக்கொண்ட பசுக்களுக்குள் தோள்வரை கையை விட்டு இழுத்திருக்கிறேன். ஆனால் ஒரு மனிதப் பிள்ளை பிறப்பதை அதுவரை நான் பார்த்ததே இல்லை. மூத்த மகள் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தபோது, நானும் மாமனாரும் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மாமியார் வந்து, "பொம்பளப் புள்ள" என்றார். மாமனார் இன்னொரு டீ சொன்னார். எங்கள் பக்கத்து ஆண்களுக்குப் பிரசவம் என்பது அவ்வளவுதான்.

இரண்டாவது பிரசவத்துக்கும் என் மனைவி சின்னசேலத்துப் பக்கமிருக்கும் தாய்வீட்டுக்குப் போக வேண்டியது. மூத்தவளை முன்பே அங்கே அனுப்பிவிட்டோம். நாங்கள் புறப்பட இருந்த வாரத்தில் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. கீழே சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் அசையவில்லை என்றார்கள். துப்பாக்கிச் சூடு என்றும் பேச்சு வந்தது. என் மைத்துனனும் கோடாலியோடு அந்தக் கூட்டத்தில் இருந்தான். அதை நினைத்து என் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தக் கவலையினாலோ என்னவோ, வலி முன்னதாகவே வந்துவிட்டது. காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. மரவள்ளி ஏற்றும் ஜீப்பில் அவளை உட்காரவைத்துக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கச்சிராயபாளையம் தாண்டி ஒரே மரமாக் கெடக்குது. சைக்கிள்கூட போவாது. திரும்புங்க."

ஜீப் திரும்பியது. ஆனால் கரியாலூர்வரை அவளால் தாங்க முடியவில்லை. சாமைக் கொல்லையை ஒட்டி ஒரு வீடு தெரிந்தது. முன்பு அந்த வீட்டுப் பசுவுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். மலையாளி என்று சொல்லப்படும் அந்த மலையின் பழங்குடிச் சனங்கள். அந்தப் புருஷனுக்கும் பெண்சாதிக்கும் எங்கள் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள கூட்டியா சார்."

கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் பாயில் விட்டேன். வழக்கம்போல வாசலுக்குத் திரும்பினேன். அந்தப் பெண்ணின் புருஷன் குறுக்கே நின்றார்.

"எங்க போறீங்க?"

"வெளிய இருக்கேன்."

"நீங்க வெளிய போனா அத யாரு தாங்கறது?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். பிறகு சுவரோரமாக ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து காட்டினார். முதுகு சுவரில் சாய்ந்திருக்க வேண்டும். கால்களை விரித்துக்கொள்ள வேண்டும். மனைவி முன்னால் குத்துக்காலிட்டு நம்மேல் சாய்வாள். அவள் அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தாங்க வேண்டும். "எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாத்துக்கும் நான்தான் புடிச்சேன்" என்று சொல்லிவிட்டு, என்னை அந்த இடத்தில் உட்காரவைத்து வெளியே போனார்.

என் மனைவிக்கு வலியைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது. "ஐயோ, நீங்க போங்க. எங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா இன்னா சொல்லும்?" என்றாள். நான் எழப்போனேன். அதற்குள் அடுத்த வலி வந்தது. என் இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, "போயிடாதீங்க" என்றாள்.

போகவில்லை. என் தோல்பையிலிருந்த கத்தரிக்கோலை அந்தப் பெண் கொதிக்கும் தண்ணீரில் போட்டுவிட்டு வந்து, எதிரில் உட்கார்ந்தாள். அவள் அதிகம் பேசவில்லை. "இப்ப வுடு… இப்ப முக்கு…" அவ்வளவுதான்.

நான் அறிந்ததையெல்லாம் என் நெஞ்சால்தான் அறிந்தேன். ஒவ்வொரு வலிக்கும் என் மனைவியின் முதுகெலும்பு என் மார்பில் அழுந்தி வளைந்தது. தண்ணீர்க்குடம் தூக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவள் அவள். அவளுக்குள்ளிருந்து வந்த விசையில் என் முதுகு மண்சுவரில் உராய்ந்தது. காளைகளைக் கட்டி இழுத்துப் பழகிய கைகள் எனக்கு. அவளை அசையாமல் தாங்க, அந்தக் கைகளையும் விரல்கோத்துப் பூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ஈரமான கருமுடி தெரிந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. பிறகு ஒரு முழு முகம். கண் மூடிய அந்த முகம், யாரும் தொடாமலே, தானாக மெல்லப் பக்கவாட்டில் திரும்பியது. யார் சொல்லிக்கொடுத்துத் திரும்புகிறது? அடுத்த வலியில் மொத்தமும் வழுக்கிக்கொண்டு அந்தப் பெண்ணின் கையில் விழுந்தது. ஆண் பிள்ளை. அவள் துணியால் அவன் முதுகைத் தேய்த்தாள். அப்புறம் அழுதான்.

நான் கத்தரிக்கோலை எடுத்துத் தரப்போனேன். "இரு சார், துடிப்பு அடங்கட்டும்" என்று பிள்ளையைத் தாயின் வயிற்றில் போட்டாள். கன்று விழும்போது கொடி தானாக அறுந்துவிடும். அதனால் உயிரோடிருக்கும் தொப்புள்கொடியை நான் தொட்டதே இல்லை. அன்று தொட்டேன். நீலமும் வெள்ளையுமாக முறுக்கிக்கொண்டு, விரலுக்கடியில் துடித்தது. தாயுடைய துடிப்பா, பிள்ளையுடைய துடிப்பா என்று தெரியவில்லை. மெல்ல மெல்ல அது ஓய்ந்தது. அவன் மட்டும் மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தான்.

எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர்கூட அளந்துதான் கொடுப்பார்கள். அங்கே பெரிய கிண்ணம் நிறையச் சூடான சாமைக் கஞ்சியைக் கொண்டுவந்தார்கள். அவள் ஒரே மூச்சில் குடித்தாள். நஞ்சுக்கொடியை எங்கள் பக்கத்தில் மருத்துவச்சிதான் கொண்டுபோய்ப் புதைப்பாள். இங்கே அந்த மனிதர் என் கையில் கடப்பாரையைக் கொடுத்தார். "தோண்டறது அப்பன் வேல சார்." ஆழமாகத் தோண்டினேன். மழையில் மண் இளகிக் கிடந்தது.

மறியல் முடிந்தபின் மாமியார் மகனோடு மலையேறிக் கரியாலூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மைத்துனன் கையெல்லாம் கொப்புளம். வந்தவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். நடந்ததை என் மனைவியே தாயிடம் சொன்னாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அன்று முழுக்க என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் நான் ஆடுகளுக்கு மருந்து கரைத்துக்கொண்டிருந்தபோது அருகில் வந்து நின்றார். ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது.

"நீங்க நெசமாவே பாத்தீங்களாங்க?"

"பார்த்தேங்க."

"நானும் அஞ்சு பெத்தேன். ஒண்ணுகூட எப்டி வந்துதுன்னு நான் பாத்ததில்லீங்க. கண்ண இறுக்கி மூடிக்கினு கெடந்தேன். தொறந்தா துணியில சுத்திக் காட்னாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அது எப்டீங்க வருது?"

மருந்துக் குவளையைக் கீழே வைத்தேன். கருமுடி தெரிந்ததையும், முகம் தானாகத் திரும்பியதையும் சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். என் கழுத்தைத் திருப்பிக் காட்டினேன். அவரும் தன் கழுத்தை அதே பக்கம், அதேபோல மெதுவாக, திருப்பிப் பார்த்துக்கொண்டார்.