மாத்திரைக்குப் பிறகு ஒரு மணி நேரம்

முதலில் காட்டிக்கொடுத்தது கத்தரிக்கோல்தான். பதினைந்து வருடமாக என் கையில் பழகியது அது. ஒரு தீபாவளி நெருக்கடியில் ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது அதன் வளையம் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டது. சோப்பு போட்டுத்தான் உருவினேன். வளையம் சுருங்கிவிட்டதோ என்று கத்தரிக்கோலைத்தான் திட்டினேன். விரல் வளர்ந்திருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நாற்பத்து மூன்று வயதில் புதிதாக வளர்வது தொப்பை ஒன்றுதானே.

பிறகு மெட்டியை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. செருப்பை ஆண்கள் பக்கத்தில் தேடி வாங்கினேன். அளவு கொடுக்க வந்த ஒரு டீச்சரம்மா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்க மூஞ்சியே மாறிப்போச்சுங்களே, உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய ரவிக்கையை வேண்டுமென்றே இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தேன். அவர் கேட்டது மனதில் உறுத்தாமல் போயிருந்தால் நான் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போயே இருக்கமாட்டேன். இதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் ஒரு சிறு கட்டி. அது வளர்ச்சி ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்க வைக்கிறது. லட்சத்தில் யாருக்கோ வரும் என்றார் டாக்டர். அந்த யாரோவாக நான்தான் கீழ் கோத்தகிரியில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூக்கு வழியாக அறுவை சிகிச்சை செய்தார்கள். எட்டாத இடத்தில் கொஞ்சம் மிச்சம் நின்றுவிட்டது. அதை அடக்கி வைக்க மாதம் ஒரு ஊசி.

அந்த ஊசியைப் பற்றி நினைத்தாலே இப்போதும் இடுப்பு வலிக்கிறது. பருமனான ஊசி, மருந்தும் கெட்டி. போட்டால் இரண்டு நாள் மெஷினில் உட்கார முடியாது, நான்கு நாள் வயிறு சரியிருக்காது. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு என்னோடு மலையிறங்கி வருவார். ஊசி போடும் அறைக்கு வெளியே நின்றுகொண்டு, தனக்கே போட்டதுபோல முகத்தைச் சுளிப்பார். இரண்டரை வருடம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் டாக்டர், ஊசிக்குப் பதிலாக ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கிறார்கள், சேர்கிறீர்களா என்று கேட்டார். தமிழில் அச்சடித்த படிவம் கொடுத்தார்கள். ஒரு வரி விடாமல் படித்தேன். துணியை வெட்டுவதற்கு முன் இரண்டு தடவை அளந்து பார்க்கிற பழக்கம், விடுமா? எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டேன். வீட்டுக்காரருக்குத்தான் மனசே இல்லை. "ஒன்னய வச்சுப் பரீச்சை பண்ணுறாங்களா? அதெல்லாம் ஏலாது புள்ள" என்றார். அவர் சிறுவயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு வந்தவர். முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது, ஏலாதுதான். நான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் சில மாதங்கள் எனக்குக் கிடைத்தது மருந்தா, மருந்து போன்ற வெறும் மாத்திரையா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அதை முடித்தவர்களுக்கு நீண்டகாலப் பகுதி என்று ஒன்று. அதில் எல்லோருக்கும் உண்மையான மருந்துதான். வருடக்கணக்கில் சாப்பிட்டால் வேலை செய்கிறதா, கெடுதல் செய்கிறதா என்று பார்ப்பார்கள். விதி எளிது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு ஒரு மாத்திரை. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. ஒரு டைரி கொடுத்திருந்தார்கள். தினமும் நேரம் எழுதி, 'வெறும் வயிறு' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

முதல் வருடம் பிரமாதமாகப் போயிற்று. வீட்டுக்காரருக்குக் காலை ஷிஃப்ட். நான் எழும்போது அவர் ஃபேக்டரியில் இருப்பார். மாத்திரையைப் போட்டுவிட்டுத் துணிகளுக்கு இஸ்திரி போடுவேன், பிறகு அடுப்புப் பக்கம் போவேன். ரத்தத்தில் ஹார்மோன் அளவு நல்லபடியாக நின்றது. மோதிரம் தளர்ந்தது. பழைய கத்தரிக்கோல் மறுபடி கைக்கு வந்த அன்று கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் விரலை விட்டு எடுத்துக் காட்டினேன். அவர்கள் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள்.

பிறகு வீட்டுக்காரர் ஓய்வு பெற்றார். கல்யாணமான நாளிலிருந்து சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியாத மனிதர் திடீரென்று அடுப்படிக்குள் நுழைந்தார். தினமும் நான் கண் விழிக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் சாயத்தண்ணி இருக்கும். பால் சேர்க்காத டீயை அவர் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஃபேக்டரி ஆள் போட்ட டீ, குறை சொல்ல முடியுமா? கூடவே தட்டில் ஒரு வர்க்கி. வனஸ்பதி மணக்க, தொட்டால் அடுக்கடுக்காக உதிரும் எங்கள் ஊர் பிஸ்கட் அது. எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கண்ணில் நீரும் வந்தது. இந்த வயதில் இப்படி ஒரு உபசாரம் கிடைக்கும் என்று யார் எதிர்பார்த்தது? குடித்து முடித்து, முகம் கழுவி, தண்ணீரோடு மாத்திரையைப் போட்டு, கண்ணும் கருத்துமாக டைரியில் டிக் அடிப்பேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இட்லி.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் அளவு கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அப்படியும் இறங்கவில்லை. தலைவலி திரும்ப வந்தது. ஆய்வைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் ஒவ்வொரு முறையும் கேட்பார்: "அக்கா, வெறும் வயித்துலதான போடறீங்க?" நானும் பெருமையாக டைரியை நீட்டுவேன். டாக்டர் ஒருநாள், "இன்னும் ஒரு தடவை பாப்போம்மா. இறங்கலேன்னா ஆய்வுல இருந்து எடுத்துட்டு மறுபடி ஊசிக்குப் போயிடலாம். கட்டி வளருதான்னு ஸ்கேனும் பாக்கணும்" என்றார்.

ஊசியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொள்வேன். மறுபடி மூக்கு வழியாக அறுப்பார்களோ, மறுபடி முகம் மாறுமோ என்பதுதான் பயம். கடையில் இருந்த கண்ணாடியைத் துணி போட்டு மூடிவைத்தேன். வருகிறவர்கள் ரவிக்கை போட்டுப் பார்க்கக் கேட்டால் மட்டும் திறப்பேன்.

அந்த 'இன்னும் ஒரு தடவை'க்கு முதல் பஸ்ஸில் கிளம்பினோம். மாத்திரையை ஆஸ்பத்திரிக்கு வந்துதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வழக்கமாக பஸ்ஸிலேயே ஃபிளாஸ்க்கைத் திறந்துவிடுவோம். அன்று முன் சீட்டு அம்மா கொண்டை ஊசி வளைவுக்கு ஒரு தடவை வாந்தி எடுத்துக்கொண்டு வந்ததால் எங்களுக்கு எதுவும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் வீட்டுக்காரர் பையைப் பிரித்தார். சாயத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தார். நான் வர்க்கியைப் பாதி கடித்தபோது நர்ஸ் வெளியே வந்தார்.

"ஏனுங்கக்கா, என்ன பண்றீங்க?"

"மாத்திரை போடத்தான் உக்காந்திருக்கேன்."

"வெறும் வயித்துல போடணும்னு சொன்னனுங்களே!"

"வெறும் வயிறுதான். இன்னும் எதுவும் சாப்பிடலையே" என்றேன், வாயில் வர்க்கியோடு.

அந்தப் பெண் என் கையைப் பார்த்தார். ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். "அப்ப இது என்னங்கக்கா?"

"டீ" என்றேன். சொல்லும்போதே எனக்குள் ஏதோ பொத்தென்று விழுந்தது. எங்கள் ஊரில் டீயையும் வர்க்கியையும் யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாதி இட்லி தின்றிருந்தால் அதை ஒளிக்காமல் டைரியில் எழுதியிருப்பேன். இதை எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. நர்ஸோ கோயம்புத்தூர்க்காரர், வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான் என்று நினைத்துக் கேட்டிருக்கிறார்.

டாக்டர் திட்டவில்லை. இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் கேட்டார். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற மாதத்தைச் சொன்னேன். ஃபைலைப் புரட்டினார். அளவு ஏற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். "இதுதான் காரணம்னு இப்பவே சொல்ல மாட்டேன். கொழுப்புள்ள பலகாரம், டீ எல்லாம் மருந்தை உடம்புல சேர விடாம பண்ணலாம். ஆறு வாரம் தண்ணி மட்டும். அப்புறம் பாப்போம்" என்றார்.

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். பிள்ளை தவறி விழுந்தால் பெற்றவன் நிற்பானே, அப்படி நின்றிருந்தார். திரும்பும் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் தாண்டும்வரை டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாந்தான் ஒனக்குக் கெடுத்துட்டேன்" என்றார். "ஆமா, பெரிய வில்லன், வர்க்கி குடுத்துக் கொல்லப் பாத்தீங்க" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து என் வீடு ராணுவ முகாமாகிவிட்டது. கண் விழித்தால் ஒரு டம்ளர் வெந்நீரும் மாத்திரையும். செல்போனில் ஒரு மணி நேரத்துக்கு அலாரம். காபியோடு வாசலுக்கு வந்த பக்கத்து வீட்டம்மாவைக்கூடத் திருப்பி அனுப்பினார். அந்த ஒரு மணி நேரம் எனக்கு எதிரில் உட்கார்ந்து ரவிக்கைகளுக்கு ஹூக் வைத்துப் பழகினார். ஒன்று மேலே, ஒன்று கீழே. அவர் போன பிறகு பிரித்துத் திரும்ப வைப்பேன். நடுவில் ஒருநாள் பென்ஷன் வேலை என்று சொல்லிவிட்டு மலையிறங்கிப் போய்ச் சாயங்காலம்தான் வந்தார்.

ஆறு வாரம் கழித்துப் போனோம். ரத்தம் கொடுத்தோம், ஸ்கேனும் எடுத்தார்கள். மறுவாரம் முடிவைக் கேட்கப் போனோம். அவர் உள்ளே வர மறுத்துவிட்டார், பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். டாக்டர் தாளை என் பக்கம் திருப்பினார். "இறங்கிடுச்சும்மா. ஸ்கேன்லயும் கட்டி வளரலை. மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்க ஆய்வுலயே இருக்கலாம்."

அழுதுவிட்டேன். டாக்டருக்கு முன்னால் மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தேன், வெட்கமாகக்கூட இல்லை.

வெளியே வரும்போது நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணாகிட்ட மொதல்ல போய்ச் சொல்லுங்கக்கா. போன மாசம் தனியா வந்து டாக்டரைப் பாக்கணும்னு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்தாருங்க. நான் குடுத்த டீயால அவ தலைல கட்டி வளந்திருக்குமான்னு கேட்டாருங்க. டாக்டர் அப்படியெல்லாம் இருக்காதுன்னு எவ்வளவோ சொன்னாரு. ஸ்கேன் பாத்தாத்தான் நம்புவேன்னு போயிட்டாருங்க."

பென்ஷன் வேலை!

அவரிடம் போய் உட்கார்ந்தேன். "இறங்கிடுச்சு. கட்டியும் வளரல" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தார். அவசரமாக ஊற்றியதில் சாயத்தண்ணி பாதி பெஞ்சில் கொட்டியது. அடியில் காகிதத்தில் சுற்றி ஒரு வர்க்கி இருந்தது. ஏழு வாரமாக அவரும் அதைத் தொடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. உடைத்துப் பாதியை அவர் வாயில் வைத்தேன், எல்லோரும் பார்க்க.