விட்டு விட்டு வந்த டயல் டோன்

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு நவம்பர் மாதம், கிழக்குத் தாம்பரம். அப்போது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் போன் கிடையாது. எங்கள் வீட்டில் இருந்ததால் தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் எண்தான் பி.பி. நம்பர். சொந்தக்காரர்களிடம் எங்கள் எண்ணைக் கொடுத்து வைத்திருப்பார்கள். போன் வந்தால் நாங்கள் வாசலுக்கு ஓடிக் கூப்பிட வேண்டும். தாளிக்கும் நேரம் பார்த்துத்தான் மணி அடிக்கும். முணுமுணுத்துக்கொண்டே ஓடுவேன்.

எதிர்வீட்டில் ஒரு சின்னப் பெண், கைக்குழந்தையோடு. கோவளம் பக்கம் மீனவக் குடும்பம். கணவர் கடலை விட்டுவிட்டு மஸ்கட்டில் கட்டட வேலைக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் அன்று காலையில் தவறாமல் எங்கள் வீட்டுக்குப் போன் செய்வார். அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிடுவாள். போனில்தானே பேசப் போகிறாய், பூ எதற்கு என்று நான் கிண்டல் செய்வேன்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் பூ வைக்காமல் வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, ரெண்டு வெள்ளிக்கெயமையா போன் வரல. அவுரு வேல செய்யற பக்கம் சாரம் சரிஞ்சி ஆளுங்க வியுந்துட்டாங்கன்னு எங்க ஊர்ல சொல்லிகினு கீறாங்க. உங்க கம்ப்யூட்டர்ல ஒரு மெயில் போட்டு கேக்க முடியுமாக்கா?"

கணவரோடு தங்கியிருந்த நண்பரின் மெயில் முகவரி அவளிடம் இருந்தது. மஸ்கட்டைப் பிடிக்க வேறு வழியே அவளுக்கு இல்லை. தைரியமாக, "இதோ, அஞ்சு நிமிஷம்" என்றேன். அந்த வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக, பென்குயின் சின்னம் போட்ட லினக்ஸை ஏற்றியவள். போன் லைன் வழியாக இன்டர்நெட்டில் இணைக்க உள்ளே இருந்த மோடம் விண்டோஸைத் தவிர யாரோடும் பேச மாட்டேன் என்று அடம்பிடித்ததால், ரிச்சி தெருவுக்குப் போய் வெளியே வைக்கும் மோடம் ஒன்றையும் வாங்கி வந்தேன். என் கணவருக்கு இதெல்லாம் வேண்டாத வேலை. ஊரே ஒரு வழியில் போனால் இவள் மட்டும் வேறு வழியில் போவாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

நான் இன்டர்நெட் பக்கம் போயே மூன்று வாரம் இருக்கும். டயல் செய்தேன். மோடத்தில் விளக்குகள் மினுக்கின. வழக்கமான கிறீச் சத்தம் வரவில்லை. திரையில் டயல் டோன் இல்லை என்று ஒரு வரி. மறுபடியும் செய்தேன். மறுபடியும் அதே வரி.

முதலில், உள்ளறையில் இருக்கும் இன்னொரு போனை யாராவது சரியாக வைக்காமல் விட்டார்களா என்று பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு கேபிள் மாற்றினேன். லினக்ஸில் மோடத்துக்கான அமைப்பு முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டர் கதவைப் பார்ப்பது போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் பென்குயினுக்கு மழையில ஜலதோஷம் பிடிச்சிருக்கும்" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள் இருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிரவுசிங் சென்டருக்குப் போகலாம் என்றால் அது மேற்குத் தாம்பரத்தில். விடியற்காலையிலிருந்து கொட்டிய மழையில், நடுவில் இருக்கும் ரயில்வே சப்வேயில் இடுப்பளவு தண்ணீர். கைக்குழந்தையோடு அவளை எங்கே அனுப்புவது?

மோடத்தைக் கழற்றிவிட்டுப் போனை நேராகச் செருகிக் காதில் வைத்தேன். டோன் இருந்தது. ஆனால் ஒரே சீராக வரவில்லை, விட்டு விட்டு வந்தது. மழைக்காலத்தில் எங்கள் லைன் எப்போதும் இரைச்சல்தான் என்பதால் அதையும் மழையின் கணக்கிலேயே எழுதினேன். மோடத்தின் கையேட்டைப் புரட்டியபோது, டோனுக்குக் காத்திருக்காமல் நேராக டயல் செய் என்று சொல்ல ஒரு கட்டளை இருப்பது தெரிந்தது. கறுப்புத் திரையில் அதை எழுதிவிட்டு டயல் செய்தேன்.

கிறீச்சென்று கத்தியது மோடம். அந்த நாராசத்தைக் கேட்டு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்குப் பிறகு வந்ததில்லை.

மெயில் போனது. கையோடு, லினக்ஸ் நண்பர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் மெயில் குழுவுக்கும் ஒரு கேள்வி அனுப்பினேன்: டோன் விட்டு விட்டு வருகிறது, மோடம் அதைக் கண்டுகொள்ள மாட்டேன் என்கிறது, இது மழையாலா, மோடத்தாலா? லைனைத் துண்டித்துவிட்டுக் காபி போட்டேன். அவள் குடிக்கவில்லை. ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

திரும்ப இணைத்துப் பார்த்தால் மஸ்கட்டிலிருந்து பதில் இல்லை. குழுவிலிருந்து ஒரே ஒரு பதில். யாரென்றே தெரியாத ஒருவர் இரண்டு வரி எழுதியிருந்தார். மோடத்திலும் லினக்ஸிலும் குற்றம் இல்லை, உங்கள் போனுக்கு வரும் அழைப்புகளை யாரோ வேறு எண்ணுக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள், அதை நினைவுபடுத்தத்தான் எக்ஸ்சேஞ்ச் டோனை விட்டு விட்டுத் தருகிறது.

டோனைப் பற்றிக் கேட்கப் போய், எங்கள் வீட்டுக்குப் போனே வருவதில்லை என்று தெரிந்துகொண்டேன். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். எங்களுக்கும் பல நாட்களாக ஒரு போன் வரவில்லை. நாங்கள் செய்தால் போகிறது என்பதால், மழையில் லைன் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம்.

"யாருங்க இப்படிப் பண்ணினது?" என்றேன்.

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது. "தம்பியாத்தான் இருக்கும்" என்றார்.

என் கொழுந்தனார் வீட்டுமனைத் தரகர். மேடவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். பெருங்களத்தூர் மனை பார்க்க வந்த அத்தனை பேரிடமும் எங்கள் எண்ணைக் கொடுத்திருந்தார். கிளம்பும்போது ஒரு வாடிக்கையாளரும் தவறிவிடக்கூடாது என்று எங்கள் போனைத் தன் வீட்டு எண்ணுக்குத் திருப்பிவிட்டு, எங்களிடம் சொல்ல மறந்திருக்கிறார். வீட்டுக்குப் போன மறுநாளே தன் மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வர, குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. பிறகு கேட்டபோது, "அடடா, ஆமாம் அண்ணி" என்று சிரித்தாரே பார்க்கலாம்.

டைரக்டரியில் பார்த்துத் திருப்புதலை ரத்து செய்தோம். ரிசீவரை எடுத்தேன். டோன் இழையறாமல் வந்தது. மோடத்தை ஓரமாக வைத்துவிட்டு மூன்று பேரும் போனுக்கு எதிரே உட்கார்ந்தோம். அந்த நேரத்தை எப்படிச் சொல்வேன்? ஒருவேளை அழைப்பே வராவிட்டால் அவளிடம் என்ன சொல்வது என்று மனசுக்குள் வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன்.

வெளியூர் அழைப்புக்கான நீண்ட மணி அடித்தது. நான் எடுக்கவில்லை. அவளையே எடுக்கச் சொன்னேன்.

"யோவ், நீயா? நல்லா கீறியா? கை கால்லாம் நல்லா கீதா?" என்றவள் பதிலைக் கேட்டதும் ரிசீவரை என்னிடம் நீட்டிவிட்டுக் குழந்தையை அணைத்துக்கொண்டாள். மறுமுனையில் அவர் அழுதுகொண்டிருந்தார். சாரம் சரிந்தது வேறு இடமாம். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"அக்கா, நானும் டெய்லி போட்டுகினே கீறேன். மணி அடிக்குது, யாரும் எடுக்கல. தாம்பரம் பக்கம் வெள்ளம்னாங்க. உங்க வூட்டோட சேத்து எல்லாரையும் தண்ணி இட்டுகினு பூடுச்சோன்னு நெனச்சிட்டேன்க்கா."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. இங்கே இவள் அவருக்கு என்ன ஆயிற்றோ என்று துடித்தாள். அங்கே அவர் எங்கள் எல்லாருக்காகவும் துடித்திருக்கிறார். நடுவில், மேடவாக்கத்தில் பூட்டிய வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. கணவர் எழுந்து போய் எல்லாருக்கும் புதிதாகக் காபி போட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு பென்குயினை அவர் கிண்டல் செய்ததில்லை. பதில் எழுதிய அந்த முகம் தெரியாத மனிதருக்கு நடந்ததை எல்லாம் விவரமாக எழுதி நன்றி சொன்னேன்.

இன்று ஆளுக்கொரு போன் கையில் இருக்கிறது. ஆனாலும் வேண்டிய ஒருவரிடமிருந்து பல நாள் பேச்சே இல்லை என்றால், மறந்துவிட்டார்கள் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றுவதில்லை. அவர்களும் எங்கேயோ ஒரு பூட்டிய வீட்டுக்கு மணி அடித்து ஓய்ந்துபோயிருப்பார்களோ என்ற எண்ணம்தான் முதலில் வருகிறது, உடனே நானே கூப்பிட்டுவிடுகிறேன்.